அப்பிள் சோஸ்: போத்தலில் அடைப்பதா, பிரீசரில் வைப்பதா, கடையில் வாங்கிவிடுவதா?

செப்டெம்பர், ஒக்டோபர் வந்துவிட்டால் கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குப் போய்ப் பை பையாக அப்பிள் பறித்து, அதை வீட்டில் காய்ச்சி மசித்து அப்பிள் சோஸாக்கி, போத்தல் போத்தலாக அடுக்கி வைத்து, வட்ஸ்அப்பில் படமும் போட்டுவிடுவார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிளாட்டில் இருக்கிறவர்கள் நாங்களும் செய்து அடுக்கினால் என்ன என்று கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம், ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் ஒன்றை முதலில் யோசிக்க வேண்டும். அவர்கள் போத்தலில் அடைப்பது, ஒரே மாதத்தில் மரம் கொட்டித் தீர்க்கிற பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல். எங்களுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. இங்கே அப்பிள் சீனாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தென்னாபிரிக்காவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கப்பலில் வருகிறது, வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. விலை மட்டும்தான் டொலரோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஆகவே எப்படி அடைப்பது என்று கேட்பதற்கு முன்னால், எதற்காக வைத்திருக்கப் போகிறோம் என்று கேட்க வேண்டும். கேக்குக்கா, குழந்தைக்கா, யாருக்காவது கொடுக்கவா, இல்லை வீட்டில் மிதமிஞ்சிக் கிடக்கும் பழத்தைக் காப்பாற்றவா?

கடைசியாகச் சொன்னதைச் சிரிப்பாக நினைக்க வேண்டாம். வீட்டில் ஒருவர் ஒப்பரேஷன் முடிந்து வந்து படுத்தால் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அப்பிளும் திராட்சையும்தான் கொண்டு வருவார்கள். நவராத்திரித் தட்டு, கோயில் அர்ச்சனைத் தட்டு, நத்தார் கூடை என்று பிறகும் சேரும். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் சுருங்கி, கடித்தால் மாவு மாதிரி ஆகிவிட்ட அப்பிளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

முதலில் கடையில் வாங்குவதைப் பார்த்துவிடுவோம், அது சீக்கிரம் முடிகிற விஷயம். பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளில் இறக்குமதிப் போத்தலும், குழந்தைகளுக்கான சின்னப் பைகளும் இருக்கும். சீனி சேர்க்காதது கிடைத்தால் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை என்னவென்றால் போத்தலைத் திறந்துவிட்டால் அதுவும் பிரிட்ஜில் ஒரு வாரம், பத்து நாள்தான். பெரிய போத்தலை வாங்கி, கேக்குக்குக் கால் கப் எடுத்துவிட்டு மிச்சத்தை மறந்துபோகிற வீடுதான் அதிகம். வருஷத்தில் ஒருமுறை மட்டும் தேவைப்படுகிறவர் வாங்கிவிடட்டும், அடுப்புப் பற்றவைக்கிற செலவுக்கே கட்டாது. மற்றவர்களுக்கு வீட்டில் செய்வதுதான் மலிவு, ருசியும் அதில்தான்.

எந்த அப்பிள் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். நடைபாதையில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் கடும் சிவப்பு ரெட் டெலிஷஸ் பார்க்க அழகு, காய்ச்சினால் சப்பென்று இருக்கும், ஒரு மணமும் நிற்காது. காலா நன்றாகக் கரையும், இனிப்பும் உண்டு. ஃபூஜி இன்னும் இனிப்பு, ஆனால் சதை இறுக்கம், மசிய நேரம் எடுக்கும். பச்சை கிரானி ஸ்மித் 1860களில் அவுஸ்திரேலியாவில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைத்த மரத்தின் வம்சம். நல்ல புளிப்பு, சூடு பட்டதும் குழைந்துவிடும், விலை மட்டும் கொஞ்சம் கூட. எனக்குப் பிடித்த கணக்கு இரண்டு பங்கு காலாவுக்கு ஒரு பங்கு கிரானி ஸ்மித். இப்படிச் செய்தால் சீனியே தேவையில்லை. பச்சை அப்பிள் கிடைக்காவிட்டால் தேசிக்காய்ப் புளி கொஞ்சம் விட்டுச் சமாளிக்கலாம். ஒரு கிலோ அப்பிளுக்கு ஏறக்குறைய 650 முதல் 700 மில்லிலீட்டர் சோஸ் வரும், அதை வைத்து வாங்குங்கள். அடிபட்ட பழத்தை மலிவாகத் தந்தால் வாங்கலாம், அடிபட்ட இடத்தை வெட்டி எறிந்தால் போதும். பூஞ்சணம் பிடித்ததை மட்டும் முழுதாகவே எறிந்துவிடுங்கள்.

தோலோடு காய்ச்சி வடித்தால் அழகான இளஞ்சிவப்பு நிறம் வரும் என்பார்கள், அது உண்மைதான். ஆனால் இங்கே வருகிற அப்பிளில் அநேகமானவற்றுக்கு மெழுகு பூசியிருக்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாக நகத்துக்குள் ஏறும். சாப்பிட்டால் ஆபத்தான மெழுகு இல்லை என்றாலும் எனக்கு மனம் வராது, சீவிவிடுவேன். சீவினால் வடிக்கிற வேலையும் மிச்சம். விதையையும் நடுத்தண்டையும் எப்படியும் எடுத்துவிட வேண்டும். வெட்டிய துண்டுகளைத் தேசிப்புளி விட்ட தண்ணீரில் போட்டுக்கொண்டே வந்தால் கறுக்காது.

காய்ச்சுவதில் இரண்டு வழி பேசப்படுகிறது, திறந்த சட்டியும் பிரஷர் குக்கரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சட்டிதான். குக்கரில் அப்பிள் பொங்கி நுரைத்து ஆவி போகிற துவாரத்தை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் குக்கர் கம்பெனிகளே அப்பிள் சோஸ் வைக்க வேண்டாம் என்று கையேட்டில் எழுதுகின்றன. அடிகனமான சட்டியில் ஒன்றரைக் கிலோ துண்டுக்கு அரைக் கப் தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் 15, 20 நிமிடம் விட்டால் தானாகக் குழைந்துவிடும். அடிப்பிடிக்காமல் அகப்பையால் இடைக்கிடை கிளறினால் சரி. ஒரு கறுவாப்பட்டை போடலாம், எங்கள் நாட்டுக் கறுவாவுக்கும் அப்பிளுக்கும் அப்படி ஒரு பொருத்தம். ஆனால் மசிக்கிறபோது எடுத்துவிடுங்கள், போத்தலுக்குள் விட்டால் நாளாக நாளாகக் கசப்பு ஏறும். மசிக்க மத்துப் போதும். பிளெண்டரில் அடித்தால் வழுவழுப்பாக வரும், ஆனால் காற்றும் உள்ளே போய்விடும். பிரீசருக்கு அது பரவாயில்லை, போத்தலில் அடைத்துக் கொதிக்க வைக்கும்போது காற்று மேலெழும்பி சோஸையும் தள்ளிக்கொண்டு வாய்ப்பக்கம் வரும், மூடி இறுகாது.

பதம் பார்க்க ஒரு கரண்டி எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் வையுங்கள். சுற்றிவரத் தண்ணீர் வளையம் கட்டினால் இன்னும் காய வேண்டும். குவித்தது குவித்தபடி நின்று, தட்டைச் சரித்தால் மெல்ல நகர்ந்தால் போதும், அடுப்பை அணைக்கலாம்.

இனித்தான் உண்மையான கேள்வி.

பிரிட்ஜ் என்பது ஒரு வாரத்துக்கான விஷயம், அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுத்தமான போத்தல், காய்ந்த கரண்டி, ஆளுக்காள் திறந்து வாய் வைத்த கரண்டியை விடாமல் இருப்பது, அவ்வளவுதான். நாலு பேர் உள்ள வீட்டில், காலையில் ஓட்ஸோடும் பாணோடும் சாப்பிடுகிற பிள்ளைகள் இருந்தால், ஒரு கிலோ அப்பிளில் செய்தது ஒரு வாரம் தாங்காது. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கீழே எழுதியிருக்கிற எதுவும் தேவையில்லை, முடிய முடியச் செய்துகொள்ளுங்கள்.

போத்தலில் அடைப்பதுதான் பார்க்க அழகு, செய்ய ஆசை. அறிவியலும் அப்பிளின் பக்கம் இருக்கிறது. பொட்டுலிசம் என்கிற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி, பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால் வளராது, அப்பிள் வழக்கமாக 3.3க்கும் 4க்கும் இடையில் நிற்கும். அதனால் அமுக்க ஆவி இயந்திரம் எதுவும் வேண்டாம், கொதிதண்ணீரே போதும். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கணக்குப்படி 473 மில்லிலீட்டர் போத்தலுக்கு 15 நிமிடம், 946 மில்லிலீட்டர் போத்தலுக்கு 20 நிமிடம். இங்கே கிடைப்பது அநேகமாக 500 மில்லிலீட்டர் என்பதால் நான் 20 என்றே எடுப்பேன். கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். நுவரெலியாவில் இருக்கும் மாமி இதைப் பார்த்துச் செய்வதானால் சின்னப் போத்தலுக்கு 25, பெரியதுக்கு 35 நிமிடமாகக் கூட்ட வேண்டும், 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு வருமுன்பே கொதித்துவிடுகிறது.

முறையும் சிக்கலில்லை. சூடான போத்தலில் கொதிக்கக் கொதிக்க சோஸை விட்டு, வாய்க்கு அரை அங்குலம் இடம் விட்டு, கத்தியால் ஓரமாகக் குத்திக் காற்றை வெளியேற்றி, வாயைத் துடைத்து, மூடியை விரல் பலத்துக்கு மட்டும் இறுக்கி, அடியில் துவாய் விரித்த பெரிய பானையில் வைத்து, போத்தலுக்கு மேல் ஓர் அங்குலமாவது தண்ணீர் நிற்கிற மாதிரி விட்டு, தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு நேரத்தை எண்ண வேண்டும். அணைத்து ஐந்து நிமிடம் விட்டு வெளியே எடுத்துத் துவாயின் மேல் வைத்தால், ஆற ஆற ஒவ்வொரு மூடியாக டிக், டிக் என்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த நாள் மூடியின் நடுவை விரலால் அமுக்கிப் பாருங்கள், மேலும் கீழும் ஆடினால் அந்தப் போத்தல் பிரிட்ஜுக்கு.

இவ்வளவு இலகு என்றால் பிறகென்ன என்று கேட்பீர்கள். சிக்கல் மூடியில் இருக்கிறது. கனடாவில் பெட்டி பெட்டியாக மலிவாக விற்கும் மேசன் போத்தலும் (இப்படி அடைப்பதற்கென்றே செய்த கண்ணாடிப் போத்தல்) இரண்டு துண்டு மூடியும் (தட்டையான துண்டும் அதை இறுக்கும் வளையமும்) இங்கே இறக்குமதிச் சாமான், அதிலும் தட்டையான மூடித்துண்டு ஒருமுறைக்குத்தான். போத்தலைத் திரும்பப் பாவிக்கலாம், மூடியைப் புதிதாக வாங்க வேண்டும். இது பிடிக்காமல் எங்கள் ஆட்கள் செய்வது என்ன? பழைய ஜாம் போத்தலைக் கழுவி, சூடாக விட்டு, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது. ஜாமுக்கு அது எப்படியோ ஓடிவிடுகிறது, காரணம் ஜாமில் பாதிக்கு மேல் சீனி, அதுவே காவல். சீனி இல்லாத அப்பிள் சோஸுக்கு அந்தக் காவல் இல்லை, பழைய மூடியின் ரப்பரும் ஏற்கெனவே ஒருமுறை இறுகித் தளர்ந்தது. கவிழ்த்து வைத்ததை அலுமாரியில் அடுக்காதீர்கள், பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் முடியுங்கள். நெல்லி ரசம் கெடாமல் இருக்கப் போடுகிற மருந்தை இதற்கும் போடலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. சரியாகச் சூடாக்கி அடைத்தால் அது தேவையே இல்லை, சரியாக அடைக்காததை அது காப்பாற்றப் போவதும் இல்லை.

இன்னொன்று எங்கள் வெயில். அடைத்த போத்தலை 10 முதல் 21 பாகைச் சூட்டில், இருட்டில் வைக்கச் சொல்கிறார்கள். கொழும்பில் எந்த அலுமாரி 21 பாகையில் இருக்கிறது? பகலில் 30ஐத் தொடாத நாளே அபூர்வம். இதனால் சாப்பிட்டால் ஆபத்து என்று அர்த்தமில்லை, 35 பாகைக்கு மேல் போகாமல் பார்த்தால் சரி. ஆனால் வருஷம் முழுக்க நல்ல நிறத்தோடு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், சில மாதங்களிலேயே மண்ணிறம் ஏறும். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்த்து. மூடியைச் சுற்றி வரும் துருதான் என் முதல் கவலை, துரு தின்றுவிட்டால் இறுக்கம் போய்விடும். வளைய மூடியைக் கழற்றிவிட்டு, போத்தலைக் கழுவித் துடைத்து வைத்தால் கொஞ்சம் தாங்கும்.

அப்புறம் கேஸ். பானை நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதற்கு மேல் 20 நிமிடம் விடுவதென்றால் அடுப்பு முக்கால் மணி நேரம் முழுத் தீயில் எரியும். அதை ஒரே நாளில் ஏழெட்டுப் போத்தலுக்குச் செய்தால் சரி, இரண்டு போத்தலுக்குச் செய்தால் அநியாயம். "பிள்ளை, இவ்வளவு கேஸை எரிச்சு அடைக்கிறதுக்கு நாளைக்கு நாலு அப்பிள் வாங்கித் தின்னலாம்" என்று எங்கள் மேல்மாடி அன்ரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2022 இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற யாருக்கும் இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் பிரீசர். என் வோட்டு இதற்குத்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. நல்லது முதலில்: மூடி வேண்டாம், பானை வேண்டாம், நிறம் மாறாது, எட்டு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ருசி நிற்கும். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டால் வேண்டியதை மட்டும் எடுக்கலாம். சாதாரணத் தட்டில் ஒரு கட்டி ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி. கேக்கில் ஒரு முட்டைக்குப் பதில் கால் கப் அப்பிள் சோஸ் என்பது வழக்கமான கணக்கு, அதாவது இரண்டு கட்டி ஒரு முட்டை. வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி என்று முட்டை தொடாத வீடுகளுக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை. கேக் கொஞ்சம் அடர்த்தியாக வரும், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி கூட்டினால் சரியாகிவிடும். இரண்டு, மூன்று முட்டைக்கு மேல் கேட்கிற கேக்குக்கு இது சரிப்படாது, களி மாதிரி இருக்கும்.

இப்போது கெட்டது. எங்கள் பிரீசரில் என்ன இருக்கிறது? அறக்குளா, இறால், துருவிய தேங்காய், போன மாதத்து ஆட்டிறைச்சி. அப்பிள் சோஸ் மணத்தை இழுக்கும், ஒற்றைப் பையில் வைத்தால் ஒரு மாதத்தில் கேக்கில் மீன் வாசம் அடிக்கும். சிப்லொக் பை, அதற்கு மேல் மூடி உள்ள டப்பா, இரண்டும் வேண்டும். கண்ணாடிப் போத்தலில் விளிம்பு வரை நிரப்பி உறைய வைத்தால் வெடிக்கும், தோள் இல்லாத நேர்ப் போத்தலில் நல்ல இடைவெளி விட்டால்தான் பிழைக்கும். பையில் தட்டையாகப் பரப்பி உறைய வைப்பதே இடத்துக்கும் நல்லது.

கரண்ட்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு நாடும் இருண்டது. இதையெல்லாம் பார்த்தவர்கள் பிரீசரை நம்பப் பயப்படுவது நியாயம். ஆனால் நிறைந்த பிரீசர் கதவு திறக்காவிட்டால் ஏறக்குறைய 48 மணி நேரம் குளிர் தாங்கும், பாதி நிறைந்தது 24. அதுவும் மீனும் இறைச்சியும் கெடுகிற வேகத்தில் அப்பிள் கெடாது. நடுவில் இன்னும் ஐஸ் நொறுங்குகிறது என்றால் திரும்ப உறைய விடலாம், கொஞ்சம் தண்ணீர் விடும், அவ்வளவுதான். நாளுக்கு ஐந்து தடவை பிரீசரைத் திறக்கிற வீடு மட்டும் யோசிக்கட்டும்.

ஆக, பிளாட்டில் இருக்கிற, கேக் போடுகிற சாதாரண வீட்டுக்கு ஐஸ் தட்டு. போத்தல் யாருக்கு என்றால், பிரீசரில் இடமே இல்லாதவருக்கு, நத்தாருக்கோ தைப்பொங்கலுக்கோ பத்துப் பேருக்குக் கையால் செய்தது கொடுக்க நினைப்பவருக்கு, வீட்டில் செய்து விற்க நினைப்பவருக்கு. விற்கிறவர்கள் சரியான மூடியில் காசைப் போடத் தயங்கக் கூடாது, அனுமதி, லேபல் விஷயங்களையும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழிந்த குழந்தைக்கு என்றால் இரண்டுமே வேண்டாம், ஓர் அப்பிளைச் சீவி, அவித்து, மசித்து அன்றைக்கே கொடுங்கள். சீனி வேண்டாம், ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது.

சரி, அப்பிளே வேண்டாம், எங்கள் பழத்தில் செய்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் அப்பிளுக்குச் சொன்ன நிமிடங்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். மாம்பழக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டியில் வரும் கறுத்தக்கொழும்பான் எங்களுடைய உண்மையான மிதமிஞ்சல், ஆனால் நன்றாகப் பழுத்த மாம்பழத்தின் பிஎச் சில வேளை 4.6ஐத் தாண்டிவிடும். பப்பாசி தாண்டியே இருக்கும், வாழைப்பழமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆசிய வகைப் பேரிக்காய்க்கும் புளி சேர்த்துத்தான் அடைக்க வேண்டும், அதற்கும் போத்தலில் வரும் எலுமிச்சைச் சாறுதான் நல்லது, தேசிக்காயின் புளிப்பு காய்க்குக் காய் மாறும். இந்தப் பழங்களையெல்லாம் மசித்துப் பிரீசருக்கே அனுப்புங்கள், பப்பாசியை மட்டும் எந்த உறவினர் வீடியோ போட்டாலும் போத்தலில் அடைத்து அலுமாரியில் வைக்காதீர்கள்.